எந்தப் பக்கம் படுக்கிறாள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை, நீயாவது வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். அன்றைக்கு நீ கத்திவிட்டு போனை வைத்ததிலிருந்து அப்பா போன் பக்கமே திரும்புவதில்லை, நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அப்பனுக்கும் பிள்ளைக்கும் வீம்பில் மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாதே, அதனால் எழுதுகிறேன், பக்கத்து வீட்டு டீச்சர் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் தங்கையின் கழுத்து ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். வருகிற திங்கட்கிழமை காலை. கோபத்தில் பாதியில் நிறுத்தாமல் மீதியையும் படி.

மயக்க மருந்து கொடுக்கும்போதே அவளுக்கு ஏதாவது ஆயிடும்மா என்று நீ கத்தினாயே, அதையேதான் மயக்க மருந்து டாக்டரும் சொன்னாள், கத்தாமல் சொன்னாள், அவ்வளவுதான் வித்தியாசம். பிறவியிலேயே வந்த இந்த வியாதியில் நாக்கு தடித்து, கழுத்து குறுகி விறைத்து, தொண்டை ஊசித் துவாரமாகிவிட்டதாம். மற்ற பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு மூச்சுக் குழாயைப் போடுவார்கள், இவள் அந்த மருந்தில் தூங்கினால் தொண்டையே மூடிக்கொள்ளும், பிறகு குழாய் விட வழி தெரியாது. அதற்காகத் தள்ளிப்போடலாமா என்றால் கழுத்தெலும்பு நரம்பை நெரிக்கிறது. நீ பார்த்துப் பல மாதம் ஆகிறது, இப்போது ஸ்பூன் கையிலிருந்து நழுவுகிறது, ஸ்பூனுக்குத்தான் கொழுப்பு என்று அதைத் திட்டிவிட்டுச் சிரிக்கிறாள். சுவரைப் பிடிக்காமல் படி ஏறுவதில்லை. இன்னும் விட்டா நடையே நின்னுடும் என்று எலும்பு டாக்டர் சொன்ன பிறகு நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

அந்த மயக்க மருந்து டாக்டர் குள்ளமான பெண், முக்காலியை இழுத்துப் போட்டு நம் வாயாடிக்கு, உன் தங்கைக்குத்தான், நேர் எதிரே உட்கார்ந்தாள். வாயைத் திற, நாக்கை நீட்டு என்றாள், இவள் நீட்டிக் காட்டிவிட்டு இனாமாக அப்பாவுக்கும் ஒரு தரம் நீட்டினாள். பிறகு எங்களைப் பார்த்து, எந்தப் பக்கம் படுத்தா இவளுக்கு மூச்சு நல்லா வருது என்று கேட்டாள். நான் இடது என்றேன், அதே நேரம் அப்பா வலது என்றார். டாக்டர் முன்னாலேயே சண்டை, வெட்கக்கேடு. வாயாடி மட்டும், ரெண்டு பேரும் தப்பு என்றாள். பிறகுதான் விளங்கியது, ராத்திரி முறை போட்டு விழித்திருக்கிறோமே, குறட்டை நின்று மூச்சு அடைத்தால் என் முறையில் நான் என் பக்கம் திருப்பிப் படுக்க வைப்பேன், அவர் முறையில் அவர் தன் பக்கம். அவளாகப் படுக்க நாங்கள் விட்டதே இல்லை. டாக்டர் சிரிக்கவில்லை, தொடாம பாத்துட்டு வந்து சொல்லுங்க என்றாள்.

மறுநாள் மத்தியானம் அவள் தூங்கும்போது இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். குறட்டை வந்தது, நின்றது, எனக்கு உயிரே போயிற்று, எழுந்த என்னை அப்பா கையைப் பிடித்து உட்கார வைத்தார். அப்புறம் அவளாகவே புரண்டாள், இடமும் இல்லை வலமும் இல்லை, படுக்கையில் குறுக்கே திரும்பி, மோவாயை முன்னால் நீட்டி, பாதி குப்புற, கால்மாட்டில் இருக்கிற உன் கட்டிலைப் பார்த்தபடி. அதில் இப்போது துவைத்த துணிதான் குவிந்து கிடக்கிறது. குறட்டை அடங்கிச் சின்ன மூச்சாக ஆகிவிட்டது. அப்பா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

இதைச் சொன்னதும் டாக்டருக்கு முகமே மலர்ந்தது. அவளை மல்லாத்தப் போவதில்லையாம், அதே மாதிரி ஒருக்களித்துப் படுக்கவிட்டு, அவள் மூச்சை நிறுத்தாமல், லேசான அரை மயக்கத்தில் மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டு வழி பார்ப்பார்களாம். முடியாமல் போனால் கழுத்தில் துளை போடத் தொண்டை டாக்டர் பக்கத்திலேயே நிற்பார். அதற்கும் கையெழுத்துப் போட்டாயிற்று, அப்பாதான் போட்டார். துளை போட்டால் கொஞ்ச நாளைக்குப் பேச்சு வராது. அவள் பேசாத வீடு எப்படி இருக்கும், நீயே நினைத்துப் பார். அவள் பயந்து அழுதால் தொண்டையில் சளி கட்டி எல்லாம் கெடுமாம், அதனால் தூங்கும்வரை யார் கூட இருக்கணும் என்று அவளையே கேட்டார்கள். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றேன். அவள், அண்ணன் என்றாள். போனை ஸ்பீக்கரில் வைக்க டாக்டர் சம்மதித்துவிட்டாள்.

அதனால் ஓடி வா என்று எழுதவில்லை. கோபத்தை மூட்டை கட்டி வை, திங்கட்கிழமை போனைக் கையிலேயே வைத்திரு, முதல் மணியிலேயே எடு. அழாதே, புத்தி சொல்லாதே, எப்போதும்போல் அவளை வம்புக்கு இழு. அவள் பதில் சொல்கிறவரை மூச்சு ஓடுகிறது என்று அர்த்தமாம். போகப் போகக் குரல் குழறும், அப்புறம் பதில் வராது. அப்போதும் நிறுத்திவிடாதே, கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு குறையும் இல்லாமல் நீ நீண்ட காலம் வாழ வேண்டும். படுக்கும்முன் போனை மறக்காமல் சார்ஜில் போடு.

உன் கட்டிலில் கிடந்த துணியை மடித்து எடுத்துவிட்ட,
அம்மா