நகரி ஆகாமல் போன சிறுகோள்

அண்ணா,

பீரோவைத் துடைக்கும்போது, நீ வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தட்டு கையில் அகப்பட்டது. சுற்றியிருந்த பழைய வேட்டித் துணியைப் பிரித்தேன். படம் கழுவும் மருந்து நெடி இன்னும் லேசாக இருக்கிறது. எடுத்த எடுப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். சொல்கிறவர்களுக்கு நீ அண்ணனாக இருக்கவில்லையே!

ஆந்திர ராஜ்யம் பிரிந்து, நம் நகரி ஆந்திராவா சென்னையா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த காலம். மலைமேல் வானாய்வுக்கூடத்தில் வானத்தைப் படம் பிடிக்கும் வேலை உனக்கு. லீவில் வந்தவன் இந்தத் தட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினாய்.

"புள்ளியெல்லாம் நட்சத்திரம். இந்தக் கீறல் மட்டும் நவுந்துக்கினு போவுது பாரு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துற குட்டி கிரகம். இதுவரிக்கும் யாரும் பாக்கல."

அம்மா பயந்துபோய், "எந்த ராசிக்குடா கெடுதி?" என்றாள்.

"ஒரு ராசிக்கும் இல்லம்மா. இன்னும் ரெண்டு மூணு ராத்திரி புடிச்சா பாதை தெரியும். பாதை தெரிஞ்சா நம்பர் குடுப்பாங்க, அப்பால நான் வெச்சதுதான் பேரு. நகரின்னு வெப்பேன். கீழ எவன் கோடு போட்டாலும் மேல இருக்கிறத எவன் பிரிப்பான்?"

மறுநாள் காலை ரயிலுக்குக் கிளம்பினாய். அடுத்த ராத்திரி தொலைநோக்கியில் உன் முறை. ஸ்டேஷனில் உன் கூட்டாளிகள், நகரியைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லித் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நீயும் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாய்.

"நீ மறிக்கிறது உன் ரயிலுண்ணா!" என்று கத்தினேன்.

"ஊரே போயிட்டா, அப்பால பேரு இன்னாத்துக்கு?" என்றாய்.

போலீஸ் பிடித்துச் சித்தூரில் அடைத்தது. விட்டபோது மலையில் மழை பிடித்துக்கொண்டது. மேகம் விலகியபோது அந்தக் கீறல் போன இடம் தெரியவில்லை. நகரியும் ஆந்திராவிலேயே நின்றது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்.

பல வருஷம் கழித்து வெளிநாட்டில் யாரோ அதைப் பிடித்தார். உன் தட்டில் இருப்பதும் அதுதான் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஆனால் ஒரே ராத்திரிப் படத்துக்கு உரிமை கிடையாதாம். அவர் தன் மாமியார் பெயரை வைத்தார். மாமியார் பெயர்! நீ சிரித்துக்கொண்டே, "நல்ல மருமவன்" என்றாய். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை. நீ ஒருத்தன் உட்காராவிட்டால் அந்தத் தண்டவாளம் நிறைந்திருக்காதா?

தட்டைத் திரும்பச் சுற்றி வைத்துவிட்டேன். ஆனால் புத்தூர் போக நகரி ஸ்டேஷனில் நிற்கும்போதெல்லாம், ரயில் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டால், அன்று நீ மறித்த ரயில் ஞாபகம் வந்து எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. பக்கத்தில் நீ இல்லை என்று தெரிந்தும் வாய் முந்திக்கொள்கிறது: "ஏறுண்ணா, சீக்கிரம் ஏறு."