காம்பஸ் பிடித்த சாயிப்பும் என் திருநீறும்

எனக்கு முன்னால் போய், அங்கே எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருக்கிற என் அத்தை மகன் அத்தானுக்கு,

சுகமா என்று கேட்க வேண்டியதில்லை. இனி உங்களுக்கு இருமல் இல்லை, முட்டுவலி இல்லை. இங்கே பேத்தி வடிவு பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் வந்துவிட்டாள். நம் ஆரியசாலை வீட்டில் பின்கட்டுக்கு ஓடு மாற்றியாயிற்று. மகன் இப்போதெல்லாம் தம்பானூரில் ரயிலைவிட்டு இறங்கினால் நடப்பதில்லை, ஆட்டோதான். நீங்கள் போய் வருஷத் துக்கம் கழிந்து வந்த முதல் சரசுவதி பூசையும் முடிந்தது.

நம் ஊர்க்காரர் சங்கத்து மலருக்கு உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்டு வந்தார்கள். "நீங்க சொல்லுங்க ஆச்சி, நாங்க எழுதிக்கிடுதோம்" என்றார்கள். ஏன், எனக்கு எழுதத் தெரியாதா? அஞ்சாம் வகுப்புவரை படித்தவள் நான். தோற்று நிற்கவில்லை, நிறுத்தினார்கள். நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நல்ல வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன் அத்தான். வரமாட்டேன் என்கிறது.

அந்தப் படத்தைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும்.

வடிவு பிறந்த வருஷம் அது. சாலைக் கடைத்தெருவில் பழைய படம் ஒன்றை வாங்கி, சட்டம் போட்டுக் கொண்டுவந்தீர்கள். நீண்ட வெள்ளைத் தாடி, கறுத்த அங்கி, மேசைமேல் ஓர் உருண்டை. கையில் காம்பஸ். நீங்கள் ஆபீசில் பிளான் வரைய வைத்திருந்தீர்களே, ஒரு காலை ஊன்றி மறு காலால் வட்டம் போடுவது, அதே சாமான். ஆனால் அந்தக் கிழவரின் கண் காம்பஸில் இல்லை, ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தது.

"இது யாரு அத்தான்?"

"விசுவகர்மாவாக்கும். எங்கள மாதிரி பிளான் வரையுறவங்களுக்கு இவருதான் சாமி. கையில காம்பஸைக் கண்டியா?"

"நெத்தியில ஒண்ணும் காணலியே?"

"வடக்கே பூசமாட்டாங்க."

"வடக்கே பூசாட்டா போகட்டும். நம்ம வீட்டுக்கு வந்தாச்சுல்லா?" என்று நான் கண்ணாடிமேல் மூன்று விரலால் திருநீறு இட்டேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினீர்கள். இருமல் என்றுதான் நினைத்தேன்.

அன்றிலிருந்து அவருக்குத் தினமும் பூ. சரசுவதி பூசைக்கு உங்கள் காம்பஸ் பெட்டியை அந்தப் படத்தின் கீழேதான் வைப்பேன். சாயங்காலம் உங்கள் ஆபீஸ்காரர்கள் வருவார்கள். பூசைமுறி வாசலில் வரிசையாக நின்று, கண்ணை மூடி, கையைக் கூப்பிப் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் சுண்டலுக்குக் கை நீட்டுவார்கள். மலையாளத்துக்காரர்களுக்கு நம் வீட்டுச் சாமிமேல் எவ்வளவு பக்தி என்று பக்கத்து வீட்டிலெல்லாம் பெருமை பேசினேன். மாத்யூ மட்டும் கும்பிட மாட்டார். தள்ளி நின்று தரையைப் பார்ப்பார். வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், அதனால்தான் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருஷமும் வந்தார்கள். நீங்கள் இல்லையே என்று குறுப்புக்குக் கண் கலங்கியது. உங்கள் பக்கத்து மேசைக்காரர் அல்லவா. பூசைமுறியை எட்டிப் பார்த்ததும், அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது அவருக்கு.

"ஐயோ சேச்சி, ஈ சாயிப்பு இப்பளும் இவிடெ உண்டோ!"

"எந்தச் சாயிப்பு?" என்றேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. மற்றவர்கள் சுண்டலைப் பார்த்தார்கள். வடிவுதான் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஆச்சி, இது சாமியொண்ணும் இல்ல. ஆகாசத்தை அளந்து படிச்ச ஒரு வெள்ளைக்காரச் சாயிப்பாக்கும். நான் தாத்தாட்ட சின்னதுலயே கேட்டேன். ஆச்சிட்ட சொல்லாண்டாம், விளையாட்டு கெட்டுரும்னு சொன்னாங்க."

விளையாட்டு. பேத்திக்குத் தெரியும், ஆபீசுக்குத் தெரியும். வருஷா வருஷம் அவர்கள் வந்தது சாமி கும்பிட இல்லை, சாயிப்புக்குத் திருநீறு பூசுகிறவளைப் பார்க்க. நான் ஏலக்காய் தட்டிப் போட்டுக் காப்பி கொடுத்தேன், அத்தான். கூப்பிய கைக்குப் பின்னால் எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்?

வடிவு இரண்டு நாள் என் கண்ணில் படாமல் சுற்றினாள். பிறகு லைப்ரரியிலிருந்து ஒரு தடித்த படப்புத்தகம் கொண்டுவந்து என் மடியில் விரித்தாள். அந்தக் காலத்துப் படக்காரர்கள், ஒருவர் கணக்கும் வானசாஸ்திரமும் படித்தவர் என்று காட்ட வேண்டுமானால் கையில் காம்பஸைக் கொடுத்துவிடுவார்களாம். பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். பூமிப்படத்தின்மேல் காம்பஸை விரித்துக் கப்பல் போகிற தூரம் பார்க்கிறவர், நட்சத்திரத்தை அளக்கிறவர். கணக்கையே ஒரு பெண்ணாக வரைந்து அவள் கையிலும் கொடுத்திருக்கிறார்கள்.

"இவங்களுக்கெல்லாம் முந்தி யாரு பிடிச்சிருந்தா தெரியுமா?" என்று முன்பக்கம் ஒன்றைத் திருப்பினாள். அங்கே சாமி. அவர்கள் வேதத்துச் சாமிதான், மனுஷ உருவத்தில், குனிந்து நிற்கிறார். கையில் பெரிய காம்பஸ். இருட்டாகக் கிடக்கிற உலகத்துக்கு வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். "சாமி கையில இருந்ததுதான் பொறகு மனுஷன் கைக்கு வந்திருக்கு. நீங்க கும்பிட்டது ஒண்ணும் தப்பில்ல ஆச்சி."

எனக்கு மனசு குதித்தது. உங்களுக்கு இது தெரிந்திருக்கும், பாதி நிஜமாகத்தான் என்னிடம் சொல்லியிருப்பீர்கள் என்று ஓர் ஆசை. குறுப்பை ஆளனுப்பி வரவழைத்துக் கேட்டேன். ஆமென்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அவர். சொல்லவில்லை.

"அவனுக்கு அதொண்ணும் அறியில்லா சேச்சி. சும்மா ஒரு தமாசு. 'எங்க வீட்ல சாயிப்புக்கு தினமும் பூசையாக்கும்'னு சொல்லிச் சொல்லி எங்களைச் சிரிப்பிப்பான். அந்த மாத்யூதான் ஓரோ வருஷமும் சண்டை பிடிக்கும், சேச்சி பாவம் அல்லே, உள்ளதைப் பறஞ்சு கொடு என்று."

மாத்யூ. நம் பூசைமுறி வாசலில் கும்பிடாமல் நின்ற ஒரே மனுஷன்.

இதைக்கூட நான் விழுங்கிவிடுவேன். பெண்டாட்டியைக் கேலி செய்யாத ஆம்பிளை யார்? ஆனால் ஆஸ்பத்திரியை எப்படி விழுங்க? வலது கை விழுந்துபோய் நீங்கள் படுத்திருந்தபோது, நான் வீட்டுக்கு ஓடி அந்தப் படத்தின்முன் நெய்விளக்கு ஏற்றி, 'உன் காம்பஸைப் பிடித்த கை, திருப்பிக் கொடு' என்று தரையில் தலையை முட்டி அழுதுவிட்டு வந்தேன். திருநீறை உங்கள் நெற்றியில் பூசினேன்.

"யாருக்குடி வேண்டிக்கிட்டே?" என்றீர்கள். வாய் குழறியது, ஆனாலும் பேச்சு இருந்தது.

"உங்க விசுவகர்மாவுக்குத்தான்."

நீங்கள் என்னையே பார்த்தீர்கள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிறகு சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டீர்கள். பக்தி என்று நினைத்து நான் துடைத்துவிட்டேன். அதற்கப்புறமும் ஒரு வாரம் இருந்தீர்களே, அத்தான். கஞ்சி போதும் என்று சொன்னீர்கள், விசிறு என்று சொன்னீர்கள். இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லையா? வெட்கமா? இல்லை, இவளுக்கு எதற்கு, புரியவா போகிறது என்றா?

புரிந்திருக்கும். 'இவர் வானத்தை அளந்தவர்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அப்போதும் பூ வைத்திருப்பேனோ என்னவோ, அது என் இஷ்டமாக இருந்திருக்கும்.

படத்தைப் பூசைமுறியிலிருந்து எடுத்தாயிற்று. கண்ணாடியைச் சோப்புப் போட்டுத் துடைத்தேன். அந்தக் கிழவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவரையும் அல்லவா கேட்காமல் சாமியாக்கினீர்கள். முன்னறையில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கு வடிவு பெயர் சொல்லிக் கொடுக்கிறாள். யாரும் கை கூப்ப வேண்டாம்.

இதையேதான் மலருக்குக் கொடுக்கிறேன்; உங்கள் ஆபீஸ்காரர்களுக்கும் யாராவது வாசித்துக் காட்டுவார்கள். காட்டட்டும். நாலு பேர் நடுவில் சிரித்ததை நாலு பேர் நடுவில்தான் கேட்க வேண்டும்.

வாக்குத் தருகிறேன். உங்கள் படத்துக்கு விளக்கு முடங்காது, வருஷத் திதிக்கு இலை குறையாது. அதெல்லாம் என் கடமை, செய்வேன். ஆனால் அங்கே வந்தால் உங்களைத் தேடிக்கொண்டு அலைய மாட்டேன். பிடித்து வைத்த இடத்தில் வந்து உட்காரவும் மாட்டேன். நீங்களே எழுந்து என்னிடம் வந்து, அன்று சுவரைப் பார்த்துத் திரும்பியதற்குப் பதில், என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்கிறவரைக்கும்,

உங்கள் மாமன் மகள் மட்டுமே.