துடைத்து எறிந்த சத்தம்

மூன்று மாதமாக அக்கா வீட்டில் இருப்பவளுக்கு,

நலம்தானே. வாஷிங் மெஷினை ஓட்டக் கற்றுக்கொண்டேன். என் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் இப்போது நீலமாகிவிட்டன.

வேலையற்ற வேலை என்று நீ சொன்ன பாட்டுப் பதிவும் ஓரளவு கைவந்துவிட்டது. வீட்டில் பாடிப் பதிவு செய்தால் பின்னால் மின்விசிறி இரைச்சலும் சேர்ந்து கேட்கும். அதைத் துடைத்து எடுக்கக் கம்ப்யூட்டரில் ஒரு வழி இருக்கிறது. என் முதல் பாட்டை அப்படித் துடைத்துத்தான் உன் தம்பிக்கு அனுப்பினேன்.

நேற்று இன்னொரு பொத்தானைக் கண்டுபிடித்தேன். துடைத்து எறிந்ததை மட்டும் தனியாகக் கேட்கலாம். அந்தப் பாட்டில் எறிந்ததைக் கேட்டேன். மின்விசிறி ஓடியது, அடுத்த அறையில் உன் தையல் மெஷின் ஓடியது. பிறகு மெஷின் நின்றது.

"ஏங்க, அக்கா வீட்டுக்குப் போகலாம்னு இருக்கேன். போகவா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

இரண்டு முறை கேட்டிருக்கிறாய். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சரணம் பாடிக்கொண்டிருந்தேன். அடுத்து வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். இன்று ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுத் திருத்தினேன்.

"அக்கா சொல்லாம போற ஆளா மாமா?" என்றான் உன் தம்பி.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். போகாதே.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு,
உன் வீட்டுக்காரன்