தண்ணீர்க் குடத்தோடு பின்னால் வந்தவன்

அம்பாள் துணை

வுப்பர்டால்,
2009 மார்கழி

அன்புள்ள தங்கச்சி சந்திராவுக்கு,

நாங்கள் மூவரும் இங்கே சுகம். நீயும் பிள்ளை இசைவிழியும் மாமியும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் அம்பாளைக் கேட்கிறேன். இது தபாலில் வருகிற கடிதம் இல்லை. உன் அத்தானோடு வேலை செய்கிற அம்புறோஸ் அண்ணை தாயைப் பார்க்க மன்னாருக்குப் போகிறார். வவுனியாவில் இறங்கி உன் கையிலேயே தருவேன் என்றார். அதனால் இந்த முறை ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். தனியே இருந்து வாசி. மாமிக்கு வாசித்துக் காட்டாதே. ஏன் என்று பின்னால் எழுதியிருக்கிறேன்.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. அடுப்பில் பருப்பு கிடந்தது. வாசித்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். பருப்பு அடிப்பிடித்து மணந்த பிறகுதான் எழும்பினேன்.

"அக்கா, நீங்கள் எழுதின கதை எனக்கு விளங்கீட்டுது. அவர் உயிரோடை இருக்கிறார் எண்டதைத்தான் அப்பிடி மறைச்சு எழுதியிருக்கிறியள்" என்று எழுதியிருந்தாய். மாமி கேட்டுவிட்டுப் பொங்கிப் படைத்தாவாம். இப்போது ஒரு ஆள் வந்து, உன் சிறீயைத் தெற்கிலே ஒரு தடுப்பு முகாமில் கண்டதாகவும், தை பிறந்ததும் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதாகவும் சொல்கிறானாம். பிள்ளையை விட்டுவிட்டு நீ தனியே வர வேண்டுமாம். அவன் பொய் சொல்லவில்லை என்பதற்கு நீ ஒரு சாட்சியும் எழுதியிருக்கிறாய். "உன்ரை மனுசன் அங்கை தண்ணி காவுறார்" என்று நீ கேட்காமலே சொன்னானாம்.

சந்திரா, அந்த ஆளோடு போகாதே. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மிச்சமெல்லாம் ஏன் என்பதற்குத்தான்.

நான் ஐப்பசியில் அனுப்பிய கடிதத்தில் இருந்தது ஒரு புத்தகத்தின் கதை. நம் பிரபாலினி பல்கலைக்கழகத்தில் பழங்காலச் சரித்திரம் படிக்கிறாள் அல்லவா. இந்த வருடம் அவள் எழுத வேண்டிய பெரிய கட்டுரை ஒரு ஜப்பான்காரரின் நாவலைப் பற்றியது. கார்த்தேஜ் என்று கடற்கரையில் ஒரு நகரம் இருந்தது. ரோமாபுரிக்காரர் அதை வளைத்து, பட்டினி போட்டு, கடைசியில் எரித்தார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகிறது. அந்த நாவல் அந்த முற்றுகையைப் பற்றியது. ஜப்பான்காரர் பழைய ஏடுகளில் இருந்து எதை எடுத்தார், எதைத் தானாகச் சேர்த்தார் என்று பிரித்துக் காட்ட வேண்டும். அதுதான் பிள்ளையின் வேலை.

அவள் மேசையில் விட்டுப்போன புத்தகத்தை நான் எடுத்தேன். என் ஜெர்மன் உனக்குத் தெரியும். யாரும் படிப்பித்துத் தரவில்லை. கடைத் துண்டுச்சீட்டுகளும் பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதங்களும் அகராதியும்தான் என் வாத்திமார். சமையல் முடிந்து, அன்றைய வீட்டுக் கணக்கை எழுதி முடித்த பிறகு இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று வாசித்தேன். முதலில் பொழுதுபோக்குக்குத்தான். பிறகு விட முடியவில்லை. அந்தச் சனம் இடம் இடமாக ஒதுங்கி, கடைசியில் ஒரு மேட்டில் நெருங்கிக் கிடந்தது. வென்றவர்கள் தெருவைத் துப்பரவாக்க ஆட்களை விட்டார்கள். அவர்கள் கொக்கிகளால் இழுத்துத் தோண்டிய கிடங்கில் போட்டதில் செத்தவர்களும் இருந்தார்கள், சாகாதவர்களும் இருந்தார்கள். ஜப்பான்காரர் கற்பனையில் எழுதியிருப்பார் என்று நினைத்தேன். இல்லை அம்மா, அது பழைய ஏட்டில் சொல்லுக்குச் சொல் இருக்கிறது, அவர் அந்த இடத்தில் ஒரு சொல்லும் கூட்டவில்லை என்றாள் பிரபாலினி. அன்று நான் சாப்பிடவில்லை.

அந்த நாவலில் தண்ணீர் காவுகிற ஒருவன் வருகிறான். மனைவியைச் சுவரோரம் இருத்திவிட்டுக் குடத்தோடு போவான். திரும்பி வரமாட்டான். மேட்டில் இருந்த ஐம்பதினாயிரம் பேரும் சரணடைந்து வெளியே வரும்போது அவளையும் சனம் தள்ளிக்கொண்டு வந்துவிடும். கடைசிப் பக்கத்தில் அவள் திரும்பிப் பார்ப்பாள். தூரத்தில், புழுதிக்குள், தோளில் குடத்தோடு ஒருவன் வரிசையில் வந்துகொண்டிருப்பான். அவ்வளவுதான். புத்தகம் முடிந்துவிடும்.

சிறீயும் அப்படித்தானே போனார். உங்களைப் பதுங்குகுழியில் விட்டுவிட்டு, தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டு, இந்தா வாறன் என்று சொல்லிவிட்டு. அதனால்தான் எனக்கு அந்தப் பக்கம் மனதில் ஒட்டிக்கொண்டது. தபாலில் வேறு ஒன்றையும் எழுதப் பயம். ஆர் திறப்பார்களோ தெரியாது. ஆறுதலாக இருக்கட்டும் என்று அந்தக் கதையை எழுதினேன். மழை, கலியாணம், மாமா வீட்டு மாடு என்று ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விளங்கப்பண்ணித்தானே நாங்கள் இத்தனை வருடம் தொலைபேசியில் கதைத்தோம். நீ அதையும் அப்படி வாசிப்பாய் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. வரிசையில் வந்தவன் என்றதும் தடுப்பில் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாய். உன்னில் பிழையில்லை. நான் உன் இடத்தில் இருந்தால் நானும் பொங்கியிருப்பேன்.

உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு அத்தான் என்னை ஏசினார். "பிள்ளையின்ரை படிப்புப் புத்தகத்தைப் பாத்து ஊருக்குச் சுகம் எழுதின ஒரே ஆள் நீதான்" என்றார். பிறகு யன்னலடியில் போய் நின்று, ஆற்றுக்கு மேலே தொங்கிப் போகிற ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரபாலினிதான் என் முன்னால் வந்து இருந்தாள். "கடைசிப் பக்கத்தோடை ஏனம்மா நிப்பாட்டினீங்கள், பின்னுரையை வாசிக்கேல்லையோ?" என்று கேட்டாள். வாசிக்கவில்லை. கதை முடிந்த பிறகு என்ன இருக்கப்போகிறது என்று மூடிவிட்டேன். பிள்ளை வாசித்துத் தமிழில் சொன்னாள்.

ஜப்பான்காரர் இளம் பெடியனாக இருந்தபோது அவருடைய ஊர் குண்டு வீச்சில் எரிந்ததாம். போர் முடிந்த பிறகு வென்றவர்கள்தான் அங்கே ஆட்சி. எரிந்த ஊரைப் பற்றி எழுதினால் அச்சில் வராது. அதனால் அவர் கார்த்தேஜை எடுத்தார். தன் ஊரில் கண்டதை எழுத அந்தப் பழைய ஏடுகள் தனக்கு ஒரு போர்வையாக இருந்தன என்று எழுதியிருக்கிறார். ஐம்பதினாயிரம் பேர் வெளியே வந்தது ஏட்டில் இருக்கிறது. தோற்ற தளபதியின் மனைவி பிள்ளைகளோடு நெருப்பில் விழுந்தது இருக்கிறது. ஆனால் அவளுடைய பெயர் இல்லை. ஏட்டில் இல்லாததால் அவரும் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. வென்ற தளபதி எரிகிற நகரத்தைப் பார்த்து அழுதான் என்பதும் இருக்கிறது. அவன் கண்ணீரை எழுதிவைக்க ஆள் இருந்திருக்கிறது, பார்.

தண்ணீர் காவியவன் எந்த ஏட்டிலும் இல்லை. ஜப்பான்காரர் தானாகச் சேர்த்தவன். ஊர் எரிந்த அன்று தகப்பனைத் தவறவிட்டு, பாலத்தைக் கடக்கும்போது தான் திரும்பிப் பார்த்ததாகவும், சனத்துக்குள் தகப்பனின் தோளைக் கண்டது போல இருந்ததாகவும், அது தகப்பன்தானா என்று அறுபது வயதிலும் தனக்குத் தெரியாது என்றும் எழுதியிருக்கிறார். "அவனை நான் வரிசையில் வைத்தது, அவன் வந்தான் என்பதால் அல்ல. அவனை வைக்காமல் என்னால் புத்தகத்தை முடிக்க முடியவில்லை" என்பது அவர் வார்த்தை.

நான் உனக்கு அனுப்பியது அந்த மனிதர் தன் ஆறுதலுக்கு எழுதிய பக்கம், சந்திரா. சிறீயைப் பற்றிய செய்தி இல்லை.

அப்படியென்றால் சிறீ தண்ணீர் காவுகிறார் என்று அந்த ஆள் எப்படிச் சொன்னான் என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். பிள்ளை சொன்னாள்: கார்த்தேஜின் முடிவைக் கண்ணால் கண்டு எழுதியவர் ஒருவர்தான். அவரும் வென்ற தளபதிக்குப் பக்கத்தில் நின்றவர். அவர் எழுதியதில் பெரும்பகுதி தொலைந்துபோயிற்று. முந்நூறு வருடத்துக்குப் பிறகு இன்னொருவர் அவருடைய ஏட்டைப் பார்த்து எழுதியதுதான் இப்போது கையில் இருப்பது. இரண்டு பேர் ஒன்றையே சொல்கிறார்களே என்று இரண்டு சாட்சியாக எண்ணக்கூடாது, ஒருவர் மற்றவரிடம் எடுத்தது என்றால் அது ஒரே சாட்சிதான் என்று அந்த ஜப்பான்காரர் ஒவ்வொரு இடமாகத் தேடிப் பிரித்திருக்கிறாராம். எனக்கு இது விளங்குவதற்குப் படிப்புத் தேவைப்படவில்லை. ஒரே பற்றுச்சீட்டை இரண்டு முறை பதிந்தால் மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்.

மாமி பொங்கினா என்றாய். ஏன் பொங்குகிறீர்கள் என்று அயலில் கேட்டிருப்பார்கள். மகன் இருக்கிறான், தண்ணீர் காவுகிறான், ஜெர்மனியில் இருந்து கடிதம் வந்தது என்று மாமி சொல்லாமல் இருந்திருப்பாவா? அவவைக் குறை சொல்லவில்லை. பெற்ற வயிறு. ஆனால் அந்தச் சொல் தெருவுக்குப் போனது. தெருவில் இருந்து அந்த ஆளின் காதுக்குப் போனது. அவன் அதை உன்னிடமே கொண்டுவந்து தந்திருக்கிறான். உனக்கு இரண்டு பேர் சொன்னார்கள் என்று நினைக்கிறாய். ஒருவரும் சொல்லவில்லை. ஜப்பானில் ஒரு மனிதர் தன் தகப்பனை நினைத்து எழுதியதை நான் எழுதினேன், நீ வாசித்தாய், மாமி சொன்னா, அவன் திருப்பிச் சொன்னான்.

இப்போது, தபாலில் எழுதப் பயந்ததை எழுதுகிறேன். மனதைத் திடப்படுத்திக்கொள்.

யாகோப்பு என்று ஒரு பெடியன் புரட்டாதியில் இங்கே வந்து சேர்ந்தான். அகதி விடுதியில் இருக்கிறான். போரின் கடைசி நாட்களில் உங்கள் பதுங்குகுழிக்குக் கிட்ட இருந்தவனாம், உனக்கு முகம் தெரிந்திருக்கும். அவன் அத்தானிடம் சிறீ செத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறான். அத்தான் என்னிடம் அதைச் சொன்ன பிறகு, சோறு கட்டிக்கொண்டு நானே போனேன். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, நீர் கண்ணால் கண்டனீரோ என்று கேட்டேன்.

"கிணத்தடியிலை கேனோடை நிண்டவர். அதைக் கண்டனான். பேந்து ஷெல் வந்து விழுந்துது. பேந்து ஒரே புகை அக்கா, நான் ஓடீட்டன்."

அப்படியென்றால் செத்துவிட்டார் என்று ஏன் சொன்னீர் என்றேன். கோப்பையைக் கழுவுகிற மாதிரி விரலால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அங்கை நிண்ட ஒருத்தரையும் பேந்து நான் காணேல்லை, அக்கா."

இவ்வளவுதான். நிற்கக் கண்டிருக்கிறான். விழக் காணவில்லை. இதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சேர்க்கவில்லை. அத்தான் இதைக் கேட்டுவிட்டு, இனி என்ன இருக்கிறது என்று ஆடி அமாவாசைக்குத் தவறவிட்டதை இப்போதாவது செய்வோம் என்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். காணாத சாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க என் கை வராது. அதற்காக அவர் வருவார் என்று உனக்கு எழுதவும் என் கை வராது. அந்த ஜப்பான்காரர் இப்படி நடுவில் நின்று புத்தகத்தை முடித்துவிட்டார் என்று எனக்கு அவரில் கோபமும் வருகிறது. அவருடைய புத்தகத்துப் பெண் காலையில் எழும்பி, பொட்டு வைப்பதா விடுவதா என்று கண்ணாடிக்கு முன் நிற்க வேண்டியதில்லை. நீ நிற்கிறாய்.

பொட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வைத்தால் வை. ஆர் என்ன சொன்னாலும் கேட்காதே. அழிக்கிற நாள் வந்தால் அது உன் கை, வேறு ஒருவரின் சொல் இல்லை.

அந்த ஆள் தையில் வந்து கூப்பிடுவான். முகத்துக்கு நேரே மறுக்கப் பயமாக இருந்தால், உனக்கும் சிறீக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டுவரச் சொல்லு. என்ன என்று எனக்கும் எழுதாதே. எழுதினால் அதுவும் நடந்து அவனிடம் போய்விடும். மறுமொழி கொண்டுவர அவனால் ஏலாது என்றுதான் நினைக்கிறேன். கொண்டுவந்தாலும் தனியே போகாதே. கோயில் ஐயரையோ, பிள்ளையின் பள்ளிக்கூட அதிபரையோ கூட்டிக்கொண்டு போ. பிள்ளையை விட்டுவிட்டு வா என்கிறவன் எந்தக் கணவனையும் காட்டமாட்டான், தங்கச்சி. இசைவிழிக்கு இப்போது கண்ணுக்கு முன்னால் நிற்கிற ஆள் நீ ஒருத்திதான்.

மாமியிடம், அந்தக் கதை ஒரு புத்தகத்தில் வந்தது என்று மட்டும் மெதுவாகச் சொல்லு. யாகோப்பு சொன்னதைச் சொல்லாதே. அது அவவுக்குத் தாங்காது. வாசித்ததும் இதை அடுப்பில் போடு. நீ போகவில்லை என்று ஒரு வரி எழுதி அம்புறோஸ் அண்ணையிடம் கொடுத்துவிடு. வேறு ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

திருவெம்பாவைக்கு இங்கே ஊன்ட்றொப்பில் இருக்கிற அம்பாள் கோயிலுக்குப் போகிறோம். பனி கொட்டினாலும் போவோம். போகிற ஒவ்வொரு முறையும் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். நான் உன் பெயர் சொல்வேன், பிள்ளையின் பெயர் சொல்வேன். பிறகு ஸ்ரீஸ்கந்தராஜா, அனுஷம் என்று சொல்வேன். இருக்கிறவர்களுக்குத்தானே அர்ச்சனை என்று பக்கத்தில் நிற்கிற அத்தான் என்னைப் பார்ப்பார். நான் அம்பாளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த முறையும் சொல்வேன். நீ வீட்டில் இரு.

அம்பாள் உன்னையும் பிள்ளையையும் தன் சேலைத் தலைப்புக்குள் வைத்திருக்கட்டும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அக்கா
குணேஸ்வரி