இருநூறு பார்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மழை விட்டு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு தொடங்கியதா? மாலைதீவில் நான் சுகம்.

கடலுக்கடியில் நீந்துகிறவர்களின் சிலிண்டரில் காற்று அடைப்பதுதான் என் வேலை. காற்றின் அழுத்தத்தை இங்கே பார் கணக்கில் அளக்கிறோம். லொறி டயருக்கு எட்டு பார் போதும். இதற்கு இருநூறு வேண்டும்.

நேற்று நிரப்பிவைத்த ஒன்று நூற்றறுபதுக்கு இறங்கியிருந்தது. படகோட்டும் கேகாலை விதுர்ஷன், "நேரமாச்சுக்கா, படகுல ஏத்துங்க" என்றான்.

"இது கசியுது, ஏத்த மாட்டேன்."

தண்ணீரில் அமிழ்த்தினோம். வால்வில் குமிழ்கள் எழும்பின. பயப்படாதீர்கள், யாருக்கும் ஒன்றுமில்லை. இனி நான் சரி சொல்லாமல் படகு புறப்படக் கூடாதென்று மேலாளர் சொல்லிவிட்டார்.

நம் கோயில் தேர் வரும்போது எனக்குப் போன் எடுங்கள். பேச வேண்டாம், மேளச் சத்தம் கேட்டால் போதும்.

கூப்பிடுகிறார்கள். படகு எனக்காக நிற்கிறது அம்மா.

உங்கள் மகள்
டிலானி