படத்தில் விழாத தண்ணீர்

மார்ச் 9, ஞாயிறு

குளிர் இன்னும் விட்டபாடில்லை. காலையில் டார்ல் வந்தான். எந்த மதகை எப்போது திறப்பது, யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பதெல்லாம் அவன் கையில்தான். அடுத்த மாதம் வாய்க்கால் தூர்வாருகிறார்கள். தண்ணீர் உரிமை உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மண்வெட்டி போக வேண்டும். என்றைக்கு வர வேண்டும் என்று கேட்டேன்.

"உங்க வீட்லேருந்து இந்த வருஷம் ஆள் வேணாம்னு ராய்ஸ் சொல்லிட்டானே" என்றான். காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினான். என்ன அவசரமோ.

என் தம்பி எதையும் சொல்லிவிட்டுச் செய்கிறவனில்லை. என் கணவர் டென் இறந்த பிறகு அக்கா தனியாக மண் அள்ள வேண்டாம் என்று நினைத்திருப்பான். மத்தியானம் அவனுக்குப் பிடித்த ஆப்பிள் கேக் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மார்ச் 12

தீர்மானித்துவிட்டேன். மேல் வயல் நாற்பது ஏக்கரையும் உழுது குதிரைமசால் போடப்போகிறேன். அந்தத் தீவனத்தை உலர்த்தி விற்றால்தான் இந்த நிலம் என்னிடம் நிற்கும். இல்லையென்றால் மகள் ஜோலின் சொல்கிறபடி எல்லாவற்றையும் விற்றுவிட்டு, பாய்சி நகரத்தில் அவளுடைய மாடி அறையில் போய் உட்கார வேண்டியதுதான்.

டென்னுக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்த வயல் தரிசு. அன்றைக்கு ராய்ஸ் இந்தச் சமையலறையில்தான் நின்றான். "அக்கா, நீ மாமாவைப் பாரு. வயலையும் சேத்துப் பாக்க உன்னால ஆகாது. உன் மதகை மூடி வெச்சுட்டு தண்ணிய எங்கிட்ட விடு. மாமா எழுந்ததும் திருப்பிக்கோ." நான் அழுதுகொண்டே அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். டென் எழவேயில்லை. ஆறு கோடை போய்விட்டது.

மார்ச் 15, சனி

எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் உரிமை என்று விதைக்காரன் கேட்டான். பழைய காகிதத்தைத் தேடாதே, எல்லாம் கம்ப்யூட்டரில் மேப்பாக இருக்கிறது என்று ஜோலின் போனில் சொல்லிக்கொடுத்தாள். மாநிலம் முழுக்க ஒவ்வொரு மதகுக்கும் ஒரு நீலப்புள்ளி. புள்ளியைத் தொட்டால் யாருடைய தண்ணீர், எந்த வருடத்து உரிமை, எந்த வயலுக்கு, எல்லாம் வந்து நிற்கும்.

முதல் தடவை கை வழுக்கி நெவாடாவுக்குப் போய்விட்டேன். "அம்மா, அது பாலைவனம். திரும்பி வா" என்று ஜோலின் சிரித்தாள்.

கடைசியில் எங்கள் மதகைப் பிடித்தேன். டென் பெயர், என் பெயர், 1889. இந்த வாய்க்காலிலேயே மூத்த உரிமை எங்களுடையது. ஆறு வற்றினாலும் எங்களுக்குப் போகத்தான் மற்றவர்களுக்கு. பெருமையாகத்தான் இருந்தது. அதன் கீழே சிவப்பில் ஒரு வரி: பயன்படுத்தாததால் உரிமை இழப்பு, விசாரணையில். மனு கொடுத்தவர்: ராய்ஸ் டால்கார்ட்.

வேறொரு ராய்ஸ் டால்கார்ட் இந்தப் பள்ளத்தாக்கில் எங்கே இருக்கிறான்?

மார்ச் 16

சர்ச்சில் ராய்ஸிடமே கேட்டேன். சிரித்துவிட்டான். "அந்த மேப்பையா நம்புற? போன வருஷம் என் வீட்டையே ஆத்துக்குள்ள காட்டுச்சு. நானும் மாடும் நீந்திக்கிட்டா இருந்தோம்?" பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தம்பியைப் போய்ச் சந்தேகப்பட்டேனே.

மார்ச் 17

தூக்கம் வராமல் மறுபடி திறந்தேன். சிவப்பு வரியையும் தொடலாம் என்று அன்றைக்குத் தெரியவில்லை. தொட்டால் மனுவே வருகிறது. அவன் கையெழுத்து. நான் பிடித்து எழுதப் பழக்கிய அதே கோணல் 'டி'.

தேதி போன அக்டோபர் 21, திங்கள். டென்னை அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அடக்கம் செய்தோம். பெட்டியின் தலைமாட்டைத் தூக்கியவன் ராய்ஸ். சனியும் ஞாயிறும் என் வீட்டில்தான் சாப்பிட்டான். திங்கட்கிழமை, "டவுன்ல கொஞ்சம் வேலை இருக்குக்கா" என்று கிளம்பினான். நான்தான் அவன் கோட்டைத் துடைத்துக் கொடுத்தேன்.

அந்த வேலை இதுதானா? இதுதானாடா?

மார்ச் 18

மனுவோடு வானத்திலிருந்து எடுத்த படங்களும் இருக்கின்றன. மேப்பிலேயே வருடத்தைத் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். ஒவ்வொரு கோடையிலும் என் வயல் காய்ந்த ரொட்டி நிறம். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் வயல் பச்சைப்பசேலென்று. என் தண்ணீர் அது! என் தண்ணீரில் விளைந்த பச்சையைக் காட்டி, என் வயல் காய்ந்தது என்று எழுதிக்கொடுத்திருக்கிறான்.

ஐந்து வருடம் தண்ணீரை எடுக்காதவனுக்கு உரிமை போய்விடும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தம்பிக்குக் கொடுத்தது எடுக்காததில் சேருமென்று எந்த அக்காவுக்குத் தோன்றும்? எனக்கு வெளுத்ததெல்லாம் பால்.

எங்கள் உரிமை போனால் அடுத்த மூத்தது அவனுடையது. மண்வெட்டி வேண்டாம் என்றதும் கரிசனத்தால் இல்லை. தூர்வாரக்கூட வரவில்லை, உரிமையை விட்டுவிட்டாள் என்று காட்டத்தான். அதற்கு நான் கேக் செய்து கொடுத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

கேக் தட்டைக் கழுவித் திருப்பிக் கொண்டுவந்தான். தட்டை வாங்காமலே கேட்டேன்.

மழுப்பவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. "சட்டம் அப்படிக்கா. நான் மனு போடலைன்னா கீழ வீட்டுமனை போடுறவன் போட்டிருப்பான். தண்ணி நம்ம குடும்பத்துலயே இருக்கட்டும்னுதான்."

"எந்தக் குடும்பம்டா? நான் எந்தக் குடும்பம்?"

"உனக்கு எதுக்கு நாப்பது ஏக்கர், இந்த வயசுல? ஜோலின்கிட்டப் போய் நிம்மதியா இரேன்."

"அம்மா போனப்ப உனக்கு ஒன்பது வயசு. இந்த வயசுல இவனை எதுக்கு வளக்கணும்னு நான் கேட்டேனா?"

தட்டைத் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போனான். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. தொட மனசில்லை.

ஏப்ரல் 5, சனி

தூர்வாரும் நாள். யாரும் கூப்பிடவில்லை. டென்னின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். எல்லோரும் குனிந்து மண்ணை அள்ளத் தொடங்கினார்கள். டார்ல் மட்டும் என் பக்கம் வந்து, "வெல்டா, அந்த வளைவுலேருந்து ஆரம்பிங்க" என்றான். முதுகு ஒடிந்துவிட்டது. ராய்ஸ் அடுத்த வளைவில் இருந்தான். ஒரே வாய்க்காலின் சேற்றை இரண்டு பேரும் அள்ளினோம்.

ஏப்ரல் 19

உழவில்லை. விதையில்லை. விசாரணை முடியும்வரை மதகைத் திறக்கக்கூடாதாம்.

மே 20, செவ்வாய்

விசாரணை. சுவரில் பெரிதாக அதே மேப். விசாரித்த அம்மாள் வருடங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். நான் பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

"மேல் வயலுக்குத் தண்ணி போச்சா?"

"போகலை."

"ஏன்?"

"தம்பிக்குக் கொடுத்தேன்."

"எழுதிக் கொடுத்தீங்களா?"

"தம்பிக்கு யாராவது எழுதிக் கொடுப்பாங்களா?" பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அவனைக் கேட்டாள், அக்கா சொல்வது உண்மையா என்று. அவனும் சத்தியம் செய்தவன்தான். தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே சொன்னான்: "எனக்கு அப்படி எதுவும் ஞாபகமில்லைங்க."

மனு போட்டதைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. இதை மாட்டேன்.

அப்போதுதான் ஜோலின் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனாள். "அந்த மதகு ஓரத்துல, அது என்ன பச்சை?" கட்டைவிரல் அளவு பச்சை. எல்லா வருடமும் இருந்தது.

டென்னின் ஆப்பிள் தோப்பு. வாய் திரும்பாத மனுஷன், சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமைகளில் மதகை ஒரு சாண் தூக்கி அந்த மரங்களுக்கு மட்டும் விடுவேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் அவர் முகம் தெளியும். அதையெல்லாம் பாசனம் என்று நான் கணக்கில் வைத்ததேயில்லை. ஒரு நோயாளிக்கு விளையாட்டுக் காட்டியதுபோலத்தான் நினைத்திருந்தேன்.

ராய்ஸ் அந்தப் பச்சையைப் பார்த்தான். படத்தை மனுவோடு வைத்தவனே அவன்தான். அவனும் கவனித்திருக்கவில்லை.

ஜூன் 11

தீர்ப்பு வந்தது. மேல் வயலுக்குரிய தண்ணீர் போய்விட்டது. விடாமல் பாய்ச்சிவந்த தோப்பு மூன்று ஏக்கருக்கு உண்டானது மட்டும் எனக்கு. அதே 1889-ஆம் வருடத்து உரிமை. நாற்பது ஏக்கரும் இனி மேய்ச்சல் தரிசுதான். தீவனம் விற்கிற பேச்சே இல்லை. வீடும் தோப்பும் நிற்கும்.

ஜோலின், "ஜெயிச்சுட்டோம்மா" என்றாள். எதை ஜெயித்தோம்?

ஜூலை 4

சுதந்திர தினம். ஊரெல்லாம் வாணவேடிக்கை. ராய்ஸ் வீட்டு முற்றத்தில் இறைச்சி சுடும் புகை. முதல் தடவையாக எனக்கு அழைப்பில்லை. வந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். ஆனாலும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்ட மனசு.

ஆகஸ்ட் 9, சனி

ஆற்றில் கல் தெரிகிறது. டார்ல் ஒவ்வொரு மதகாகச் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டு வருகிறான். ராய்ஸின் மதகும் பூட்டியாகிவிட்டது. இப்போது வாய்க்காலில் வருவது என் மூன்று ஏக்கருக்கு மட்டும்.

சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். இளைத்திருந்தான். சாப்பிட்டாயா என்று கேட்க வாய் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

"அக்கா, வயல் கருகுது. ஒரு பத்து நாள் மதகைச் சாத்திட்டு, டார்ல்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். தண்ணி எங்கிட்ட வந்துரும். ஆப்பிள் மரம் தாங்கும்."

"ஆறு வருஷம் கொடுத்தேன் ராய்ஸ். படத்துல விழலையே."

"பழசையெல்லாம் விடுக்கா. அக்கா தம்பிக்குள்ள..."

"எனக்கு அப்படி எதுவும் ஞாபகமில்லை" என்றேன்.

அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். சந்தோஷமாக இருக்குமென்று நினைத்திருந்தேன். இல்லை. உள்ளே வந்து அந்தக் கேக் தட்டை எடுத்து அலமாரியின் மேலடுக்கில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

மரங்களுக்குத் தண்ணீர் விட்டேன். வழக்கம்போல மதகை ஒரு சாண் தூக்கினேன். தண்ணீர் முதல் மரத்தைத் தொட்டதும் போட்டோ எடுத்தேன், தேதி தெரிகிற மாதிரி. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் எடுக்க வேண்டும்.