மறுபடி வந்தால் பார்க்கலாம்

இன்று காலை நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி ஆபீஸ்காரர் கூப்பிட்டார். நம் சாப்ட்வேர் அடிக்கும் ரசீதில் வண்டி நம்பரின் கடைசி எண் விடுபட்டுப்போகிறதாம். நேற்று இரண்டு தடவை, இன்று ஒரு தடவை. "இப்போ வருதாங்க?" என்று கேட்டேன். இப்போது வரவில்லை என்றார். போனை வைத்துவிட்டுப் பழைய டிக்கெட்டுகளில் தேடினேன். வாடிக்கையாளர் சொல்லும் ஒவ்வொரு கோளாறுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு டிக்கெட் போட்டு வைப்போமே, அதில் எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒன்று அகப்பட்டது. அதே ஆபீஸ், அதே கோளாறு. கீழே உன் பெயர். அதற்கும் கீழே, "மறுபடி வந்தால் பார்க்கலாம்" என்று எழுதி நீ மூடியிருந்தாய்.

மறுபடி வந்துவிட்டது. பார்ப்பதற்கு நீ இல்லை.

நீ போய் மூன்று வருஷம் முடியப்போகிறது. இந்த மூன்று வருஷத்தில் மனதுக்குள் உன்னிடம் நிறையப் பேசியிருக்கிறேன், பாதிக்கு மேல் சண்டை. எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், அதற்குப் பயந்துகொண்டே தள்ளிப் போட்டேன். இன்று உன் பெயரையும் அந்த வரியையும் திரையில் சேர்த்துப் பார்த்த பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

நம் ஆபீஸ் இன்னும் அதே ஐந்து ரோட்டுப் பக்கம்தான், எலெக்ட்ரிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. லிஃப்ட் வைக்கிறேன் என்று முதலாளி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாம் சேர்ந்தபோது லாரி ஆபீஸுக்கும் கோழிப்பண்ணைக்கும் சாப்ட்வேர் எழுத ஏழு பேர், அதில் பெண்கள் நாம் இருவர். நான் அம்மாபேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள். நீ திருச்செங்கோட்டில் பஸ் ஏறி, சங்ககிரி வழியாக ஆடி அசைந்து வருகிறவள். இருந்தும் நான் உள்ளே நுழையும்போது நீ நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய். எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். "ஊடு பக்கத்துல இருக்கறவிய எப்பவும் லேட்டுத்தான் புள்ள, தூரத்துல இருக்கறவளுக்குத்தான் பயம்" என்பாய்.

பதினோரு மணி டீக்கு நீ ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாய். கீழே கடைக்குப் போனால் அவரவர் எழுதும் கம்ப்யூட்டர் நிரலில் இருக்கும் கோளாறைப் பற்றி அவரவர் புலம்பக் கூடாது. அடுத்தவர் கோளாறைப் பற்றித்தான் பேச வேண்டும். "அவங்கவிய முதுகு அவங்கவியளுக்குத் தெரியாதல்லோ" என்று அதற்கு விளக்கம் சொன்னாய். அதனால் மூன்று நாளாக நான் முட்டிக்கொண்டிருந்ததை நீ டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாயில் சொல்லிவிடுவாய். உன்னுடையதை நான் சொல்வேன். எத்தனை கோளாறுகள் அந்தக் கடை வாசலில் நின்றபடியே தீர்ந்திருக்கின்றன.

மற்ற பேச்சுக்கும் குறைவில்லை. கல்யாண வீட்டில் யாராவது, "கம்ப்யூட்டர் வேலைன்னா பெங்களூர்ல இல்ல இருக்கோணும், சேலத்துல என்ன பண்றீங்க?" என்று உன்னைக் கேட்டிருப்பார்கள். "உங்க பையன் அங்க உக்காந்து அமெரிக்காக்காரனுக்குக் கோடு எழுதறான், நானு இங்க உக்காந்து உங்க கோழிக்குத் தீனிக் கோடு எழுதறேனுங்க" என்று பதில் சொல்லிவிட்டு வந்து எனக்கு நடித்துக் காட்டுவாய். நிரலில் எதற்கும் உதவாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பகுதிகளுக்கெல்லாம் உன் கொழுந்தனார் பெயரை வைத்தாய். அது ஒருநாள் வாடிக்கையாளர் திரையிலேயே போய் "செல்வராசு கிடைக்கவில்லை" என்று நின்றது. அவர் போன் போட்டு, "எங்க ஆபீஸ்ல அப்படி யாருமே இல்லீங்களே, எங்கீங்க போய்த் தேடறது?" என்று கேட்டார். முதலாளி என்னைத்தான் திட்டினார். நீ மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடுவதுபோல் சிரித்துக்கொண்டிருந்தாய். இப்போது பாதி நிரலை மெஷினே எழுதிக் கொடுத்துவிடுகிறது. நீ இருந்தால் அதற்கும் ஒரு சொந்தக்காரர் பெயரை வைத்திருப்பாய்.

திங்கட்கிழமைக் கோளாறு உனக்கு ஞாபகம் இருக்கும். நாமக்கல்லில் ஒரு பெரிய லாரி ஆபீஸில் வாராவாரம் திங்கட்கிழமை காலை நம் சாப்ட்வேர் அப்படியே நின்றுவிடும். போன் வரும். நாம் திறந்து பார்த்தால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். நம் ஆபீஸில் மூன்று நாள் ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம் நீ சேலத்துக்கு வராமல் நேரே நாமக்கல் பஸ் ஏறிப்போய் அவர்கள் ஆபீஸில் உட்கார்ந்துவிட்டாய். ஞாயிறு விடுமுறையில் சேர்ந்த லோடையெல்லாம் ஒன்பது பேர் ஒரே நேரத்தில் பதிவு போட ஆரம்பித்ததை உன் கண்ணால் பார்த்தாய். அங்கிருந்தே எனக்குப் போன் செய்தாய்.

"ஏம்புள்ள, சும்மா இருக்கறப்ப சோதிச்சா எப்புடித் தெரியும்? பாரம் ஏத்திப் பாக்கோணும்."

அதற்குப் பிறகு நம் ஆபீஸில் அது எழுதாத விதியாகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு இன்றைக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் எனக்கு வாய் கசக்கிறது.

நீ எங்களை விட்டுப் போன அந்த வருஷம் பங்குனியில் டீ குடித்துவிட்டு மேலே ஏறும்போது முதல் மாடித் திருப்பத்தில் நின்றாய். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாய்.

"என்னப்பா, டீ மேல வருதா?" என்றேன்.

"நெஞ்சு கரிக்குது புள்ள. தோள்பட்டயும் இழுக்குது. பஸ்ஸுல பையப் புடிச்சுட்டு நின்னதுதே."

மேலே போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிஷத்தில் நிரலுக்குள் இறங்கிவிட்டாய். நான் எட்டிப் பார்த்து, "இப்போ இருக்கா?" என்றேன். "இப்ப இல்ல" என்றாய். "அப்போ டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிடறேன்" என்றேன். "மறுபடி வந்தா பாக்கலாம்னு எழுதிக்க" என்றாய். இருவரும் சிரித்தோம்.

சித்திரையில் இரண்டாவது தடவை. அதே திருப்பம், அதே கரிப்பு. அடுத்த வாரமே மூன்றாவது. அப்போது நான், "போய் டாக்டரைப் பாரேன்ப்பா" என்று சொன்னேன், அதை மறைக்கவில்லை. நீயும் போய்விட்டு வந்தாய். "படுக்க வெச்சு ஒயரு மாட்டி எடுத்துப் பாத்தாங்க, எல்லாஞ் செரியாத்தான் இருக்குதாமா" என்றாய். படி ஏறும்போது வருகிறது என்று சொன்னாயா என்று கேட்டேன். "அட, அதையெல்லாமா சொல்லுவாங்க. கேஸுன்னு சொன்னேன், மாத்தர குடுத்தாங்க" என்றாய். நான் தலையாட்டினேன். சும்மா இருக்கும்போது சோதித்தால் எப்படித் தெரியும் என்று அதே படியில் நின்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். வாடிக்கையாளர் ஒருவர் இதையே சொல்லியிருந்தால், எப்போது வருகிறது, என்ன செய்யும்போது வருகிறது என்று ஒரு பக்கத்துக்குக் கேள்வி எழுதியிருப்பேன். உன் சட்டப்படி உன் கோளாறைப் பேச வேண்டியதும் நான்தான். நான்காவது தடவை நீ நின்றபோது, "மறுபடியும் திறந்தாச்சா டிக்கெட்டு?" என்று கேலி செய்துவிட்டு உனக்கு முன்னால் இரண்டு படி ஏறிப்போனேன். என் முதுகுக்குப் பின்னால் நீ மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை. உன் நாற்காலி காலியாக இருந்தது. இன்றைக்கு நான் ஜெயித்தேன் என்று உனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். பதினோரு மணிக்கு, "டீ ஆறுது, சீக்கிரம் வா" என்று இன்னொன்று. நகர்ந்துவிட்ட பஸ்ஸைப் பிடிக்கப் பையோடு ஓடி, ஏறி, கம்பியைப் பிடித்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாய் என்று மதியம்தான் சொன்னார்கள். உனக்கு நாற்பத்தொரு வயது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதே முடிந்துவிட்டதாம்.

நான் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் நான்கு மணி. உன்னைப் பார்த்தேன், அதை எழுத மாட்டேன். கிளம்பும்போது உன் வீட்டுக்காரர் பந்தலுக்கு வெளியே என் பின்னாலேயே வந்தார். அதற்கு முன் அவரை இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். போர் போடுகிற ரிக் வண்டிகளுக்குச் சாமான் விற்கும் கடையில் வேலை பார்க்கிற, அதிகம் பேசாத மனுஷன்.

"ஏனுங்க அம்மிணி, உங்ககிட்ட எதாச்சும் சொன்னாளுங்களா? ஒடம்புக்கு இப்படி இருக்குதுன்னு?"

"இல்லீங்கண்ணா" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் சொல்லிவிட்டது. நீ நான்கு தடவை சொன்னதையும் நான் சிரித்ததையும் அந்த இடத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "செரிங்க" என்று உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு உன் வீட்டுப் பக்கம் நான் போகவே இல்லை. வருஷத் திதிக்குக் கூப்பிட்டபோது ஆபீஸில் வேலை என்று பொய் சொன்னேன். ஆக, இரண்டு பொய்.

இதுதான் எழுதப் பயந்த விஷயம்.

இதுவரை எழுதி வைத்து ஒன்பது நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோடு போய்வந்தேன். அதனால்தான் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

வருகிறேன் என்று முந்தின நாளே போன் செய்திருந்தேன். என்ன விஷயம் என்று அவர் கேட்கவில்லை. உன் மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், உனக்கு அந்தக் கவலை வேண்டாம். வீட்டில் அவர் மட்டும் இருந்தார். அவரே டீ போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது. நான் குடித்து முடிக்கும்வரை காத்திருக்கவில்லை, பாதியிலேயே ஆரம்பித்துவிட்டேன். காத்திருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

"அண்ணா, அன்னிக்கு நீங்க கேட்டீங்க, அவ ஏதாவது சொன்னாளான்னு. நான் இல்லன்னேன். சொன்னா அண்ணா. நாலு தடவ சொன்னா. படி ஏறும்போது நெஞ்சு கரிக்குதுன்னா. நான் அதை வெச்சு வெளையாடிட்டு விட்டுட்டேன்."

திட்டட்டும் என்றுதான் போனேன். திட்டினால் வாங்கிக்கொண்டு வருவது என்று பஸ் முழுக்க என்னைத் தயார் செய்திருந்தேன். அவர் டம்ளரைத் தரையில் வைத்தார்.

"எங்கிட்டயுஞ் சொன்னாளுங்க அம்மிணி" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவரே தொடர்ந்தார். "அந்தச் சித்திரையில மலைக் கோயிலுக்குப் போனோமுங்க. படியேறறப்பப் பாதியில உக்காந்துட்டா. நெஞ்சு கரிக்குதுன்னா. கீழ போயி சோடா வாங்கியாந்து குடுத்தேன். ஏப்பம் வந்துச்சு. செரியாப் போச்சுன்னா. நானும் செரின்னு மிச்சப் படிக்கும் கூட்டிட்டுப் போனனுங்க."

அவர் அழவில்லை. ஒரு முகவரி சொல்வதுபோல் சொன்னார்.

"அன்னிக்கு உங்களக் கேட்டது அதுக்குத்தானுங்க. பகல் பூரா உங்களோடதான இருக்கறா. உங்ககிட்டயுஞ் சொல்லியிருந்தா, எனக்கு மட்டுந் தெரிஞ்சிருந்துச்சுன்னு இருக்காதில்லைங்களா. நீங்க இல்லைன்னீங்க. செரி, நம்மகிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கறா, நாமதான் உட்டுட்டோம்னு இருந்துட்டேன். புள்ளைகிட்டக்கூடச் சொல்லலீங்க."

மூன்று வருஷம். நான் சேலத்தில், அவர் திருச்செங்கோட்டில். நடுவில் ஒன்றரை மணி நேர பஸ். நான் அன்றைக்கு "ஆமாங்கண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அந்தப் பந்தலுக்கு வெளியே என்னைத் திட்டியிருப்பார், அல்லது இருவரும் சேர்ந்து அழுதிருப்போம். எதுவாக இருந்தாலும் அவர் அந்த வீட்டுக்குள் தனியாகத் திரும்பிப் போயிருக்க மாட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். "அட உடுங்க, டீ ஆறுது பாருங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்ட் வரை கூட வந்தார். பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்றார். மகளிடம் இனிச் சொல்லிவிடுவேன் என்றார். நம் ஆபீஸில் நீ பேசியதெல்லாம் தனக்குத் தெரியாது, இன்னொரு நாள் வந்து சொல்லுங்கள் என்றும் கேட்டார். போவேன்.

உன்னிடம் கடைசியாக ஒன்று. படியில் உன்னைப் பிடித்து நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தால் நீ இருந்திருப்பாயா என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. அவரை அத்தனை நாள் தனியாக உட்கார வைத்தது நான்தான். இது எனக்குத் தெரியும். இதை மூடாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.